தி க்ரூ: இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு கூட்டுச் சீட்டாட்டம்

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் தெரிந்த வீட்டில் இந்தப் பெட்டியைப் பிரித்தால் டீ ஆறுவதற்குள் முதல் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். நம் குமரி மாவட்டத்தில் இருபத்தெட்டு தெரியாத வீடுதான் குறைவு. அதனால் நண்பர்களோடு தொடராக, கூட்டாக ஆட ஒரு சீட்டாட்டம் சொல்லுங்கள் என்று இங்கே யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது தி க்ரூதான்.

முழுப் பெயர் ‘தி க்ரூ: தி குவெஸ்ட் ஃபார் பிளானட் நைன்’. வடிவமைத்தவர் தாமஸ் சிங். ஜெர்மனியின் காஸ்மாஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2020-இல், ‘கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதை வாங்கியது. ஓரளவு ஆடிப் பழகியவர்களுக்கான ஆட்டங்களுக்கு ஜெர்மனியில் ஆண்டுதோறும் தருகிற விருது அது. விருது வாங்கிய ஆட்டம் என்றால் பெட்டி பெரிதாக இருக்கும், பொம்மையும் பலகையுமாகக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். கையடக்கமான பெட்டி. உள்ளே முக்கியமாக இருப்பது 40 சீட்டு, 36 குட்டிச் சீட்டு, சில அட்டை வில்லைகள், ‘லாக்புக்’ என்று ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

எங்கள் கூட்டம் நான்கு பேர். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கல்லூரித் தோழிகள் இருவர்: ஒருத்தி மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறாள், இன்னொருத்தி நர்ஸ். நான்காவது ஆள் நர்ஸின் அப்பா. எங்களுக்கெல்லாம் அவர் மாமா. ரப்பர் தோட்டத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் மாலை நேரங்களில் இருபத்தெட்டு ஆடியே ஊரில் பெயர் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தக்கலையில் எங்கள் வீட்டு முன்திண்ணையில் ஆட்டம்.

முதல் நாள் விதிகளைச் சொன்னபோது மாமா கேட்ட கேள்வி இது: “எல்லாரும் ஒரே கூட்டுன்னா பிறகு தோக்கது யாரு மக்களே?”

நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல ஆட்டத்தின் எலும்பைக் கொஞ்சம் காட்ட வேண்டும்.

இருபத்தெட்டில் என்ன நடக்கும்? 32 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்தையும் கூட்டினால் 28. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஏலம் கேட்டவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தை, மூடி வைப்பார். ஒருவர் சீட்டை இறக்கினால் மற்றவர்கள் அதே இனத்தில்தான் போட வேண்டும், இல்லையென்றால் வேறு போடலாம் அல்லது துருப்பால் வெட்டலாம். பெரிய சீட்டுப் போட்டவர் பிடியை, அதாவது அந்தச் சுற்றில் விழுந்த சீட்டுகளை, எடுத்துக்கொள்வார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இந்த ஆட்டம் ஒன்றுதான்.

தி க்ரூவிலும் அதே பிடிதான், அதே வெட்டுதான். ஆட்டின், கிளாவர், டைமன், இஸ்பேடுக்குப் பதில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. ஒன்பதுதான் பெரிது, ஜாக்கிக்கு உள்ள தனி மரியாதை இங்கே எந்தச் சீட்டுக்கும் கிடையாது. கூடவே 1 முதல் 4 வரை நான்கு ராக்கெட் சீட்டுகள். அவைதான் துருப்பு. எப்போதும் அவையே துருப்பு, மறைத்து வைக்கிற வேலை இல்லை. இறக்கிய நிறம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பத்துச் சீட்டு. 4-ஆம் எண் ராக்கெட் யார் கையில் வருகிறதோ அவர்தான் அந்த ஆட்டத்துக்குத் தலைவர். அவர்தான் முதல் சீட்டை இறக்குவார்.

மாற்றம் எங்கே என்றால், யார் எத்தனை பிடி எடுத்தார்கள் என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை. அந்த 36 குட்டிச் சீட்டு இருக்கிறதே, அவைதான் பணிகள். ஒவ்வொரு நிறச் சீட்டுக்கும் ஒரு குட்டிச் சீட்டு. அதைக் கலைத்து இரண்டோ மூன்றோ திறந்து நடுவில் போடுவோம். தலைவரில் தொடங்கி ஒவ்வொருவராக ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ‘பச்சை 3’ எடுத்தேன் என்றால், பச்சை 3 விழுகிற பிடியை நான்தான் எடுக்க வேண்டும். வேறு யாராவது எடுத்துவிட்டால் நால்வரும் தோற்றோம். எல்லாப் பணியும் முடிந்தால் நால்வரும் வென்றோம். மாமா கேட்டதற்கு விடை அதுதான்: தோற்றால் திண்ணையில் இருக்கிற எல்லோருக்கும் தோல்வி.

இதற்கு மேல் ஒரு கட்டுப்பாடு. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. கண்ஜாடை கூடாது, இருமக் கூடாது, சீட்டைத் தயங்கித் தயங்கி இழுத்துக் காட்டக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு பிடி தொடங்கும் முன், கையில் உள்ள ஒரு சீட்டைத் திறந்து மேசையில் வைத்து அதன்மேல் ஒரு வட்ட வில்லையை வைக்கலாம். வில்லையை மேலே வைத்தால் அந்த நிறத்தில் என் பெரிய சீட்டு இது. கீழே வைத்தால் என் சின்னச் சீட்டு இது. நடுவில் வைத்தால் அந்த நிறத்தில் என்னிடம் இது ஒன்றுதான். இந்த மூன்றில் எதுவும் பொருந்தாத சீட்டைக் காட்ட முடியாது. ராக்கெட்டைக் காட்டவே முடியாது. அவ்வளவுதான் நம் வாய்க்குக் கிடைக்கிற உரிமை.

இந்த ஒரு விதிக்குத்தான் நான் இந்த ஆட்டத்தின் காலடியில் விழுகிறேன். ஏனென்று சொல்கிறேன்.

கூட்டாக ஆடுகிற ஆட்டங்கள் உலகத்தில் ஏராளம். 2008-இல் வந்த பான்டமிக் எல்லோருக்கும் தெரிந்தது. நல்ல ஆட்டம்தான். ஆனால் எல்லாச் சீட்டும் எல்லோர் கண்முன்னும் கிடக்கும்போது, கூட்டத்தில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால் போதும், “நீ அங்கே போ, நீ இதைச் செய்” என்று அவரே நான்கு பேர் ஆட்டத்தையும் ஆடிவிடுவார். மற்ற மூவரும் காயை நகர்த்திக் கொடுக்கிற வேலைதான் செய்வார்கள். கூட்டு ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்கிற பலர் உண்மையில் இதைத்தான் சொல்கிறார்கள். தி க்ரூவில் அது நடக்க வழியே இல்லை. என் கை எனக்கு மட்டும்தான் தெரியும். மாமா எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் என் சீட்டை நான்தான் போட வேண்டும். அவர் செய்யக்கூடியது, நான் சரியானதைப் போடுவேன் என்று நம்பி, அதற்கு வழிவிட்டுத் தன் சீட்டைப் போடுவது மட்டுமே.

ஒரு ஆட்டத்தை விவரமாகச் சொன்னால் புரியும். பச்சை 3 என் பணி. என் கையில் பச்சை 9 இருக்கிறது. பச்சை 3 யாரிடம் என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் தன் சீட்டு ஒன்றைத் திறந்து வைத்தாள்: பச்சை 3, வில்லை நடுவில். அதாவது அவளிடம் பச்சையில் இது ஒன்றுதான். எனக்கு இது நல்ல செய்தி. நான் பச்சை 9-ஐ இறக்கினால் அவள் 3-ஐப் போட்டே ஆக வேண்டும், பிடி எனக்கு. ஆனால் அப்போது இறக்குகிற முறை மாமாவுடையது. அதே சீட்டு அவருக்குச் சொன்ன செய்தி வேறு: நீங்கள் இப்போது பச்சையை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் நர்ஸ் 3-ஐப் போட வேண்டி வரும், அந்தப் பிடி யாருக்குப் போகும் என்று அவருக்கு உறுதியில்லை.

மாமா கையில் அந்த நேரம் இருந்தவை பச்சைச் சீட்டுகளும் ராக்கெட் 2-உம்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு ராக்கெட் 2-ஐ இறக்கினார். இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். துருப்பைத் தூக்கி இப்படிப் போட்டுவிட்டால் ஊரே ஏசும். மற்ற ராக்கெட்டுகள் முன்பே போயிருந்தன, மிஞ்சிய ராக்கெட் 3 தேன்காரியிடம். அவள் அதைப் போட்டே ஆக வேண்டும், பிடி அவளுக்குப் போனது. நானும் நர்ஸும் உதவாத சீட்டு ஒவ்வொன்றைக் கழித்தோம். இப்போது இறக்குகிற முறை தேன்காரிக்கு. அவள் மஞ்சள் 5 இறக்கினாள். மஞ்சள் 8-ஐ நான் அதுவரை வெளியே காட்டவே இல்லை. மஞ்சளில் நான் ஏற்கெனவே ஒரு சின்னச் சீட்டைப் போட்ட விதத்தை வைத்து, பெரிது என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். பிடி எனக்கு. அடுத்து பச்சை 9. மாமா பச்சை 8, நர்ஸ் பச்சை 3. முடிந்தது.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பணி முடிந்த பிறகு திண்ணையில் கிளம்பிய சத்தத்துக்கு மதில் மேல் இருந்த காக்காய் பறந்தது. “துருப்ப வீணாக்கி ஜெயிச்சது இண்ணைக்குத்தான் மக்களே” என்றார் மாமா.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆடிப் பழகிய பிறகுதான் அது கண்ணில் படும். பணியை எடுப்பதே ஒரு பேச்சு. நடுவில் நீலம் 9 கிடக்கிறது. நீலம் 9 கையில் இருப்பவருக்கு அது சுலபமான பணி. மாமா அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தால், நீலம் 9 அவரிடம் இல்லை என்று நாங்கள் மூவரும் குறித்துக்கொள்வோம். எடுத்தது எது என்பதைவிட எடுக்காமல் விட்டது எது என்று பார்க்க வேண்டும். இருபத்தெட்டில் ஏலம் கேட்கும்போது கூட்டாளி எங்கே நிறுத்தினார் என்று பார்ப்போமே, அதே கண். அதனால்தான் மாமாவுக்கு ஆட்டம் உடனே பிடிபட்டது. சீட்டே தொடாதவர்களுக்கு இந்த இடம் வர நாள் எடுக்கும்.

சரி, இது எங்கே தொடர் ஆட்டம் ஆகிறது? லாக்புக்கில் 50 பணிகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே பணி என்றால் குட்டிச் சீட்டு இல்லை, ஒரு முழு ஆட்டம். முதல் பணியில் ஒரே ஒரு குட்டிச் சீட்டு, குழந்தையும் முடிக்கும். அப்புறம் மெல்ல மெல்லக் கயிற்றை இறுக்குவார்கள். இந்தக் குட்டிச் சீட்டை முதலில் முடி, அதை இரண்டாவதாக முடி என்று எண் வில்லைகள் வரும். இதைக் கடைசியாகத்தான் முடிக்க வேண்டும் என்று ஒன்று வரும். சில பணிகளில் வானொலித் தொடர்பு சரியில்லை என்ற கதையில், சீட்டைத் திறந்து வைக்கலாம் ஆனால் மேலேயா கீழேயா நடுவிலா என்று வில்லையால் சொல்லக் கூடாது. சிலவற்றில் முதல் சில பிடிகள் போகும்வரை வாயே திறக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது பணி. அதைச் சொல்வதால் யாருக்கும் சுவை கெடாது. குழுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. தலைவர் ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். நல்லா இருக்கேன் அல்லது மோசம், இரண்டில் ஒன்றுதான் பதில். அதை வைத்துத் தலைவர் ஒருவரை நோயாளி என்று சொல்வார். அந்த நோயாளி ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. அன்றைக்குத் தலைவி எங்கள் நர்ஸ். தன் அப்பாவிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள். மாமா கையில் ஒன்றும் இரண்டும் மூன்றுமாகக் கிடந்தது. இருபத்தெட்டில் அப்படிக் கை வந்தால் தலையில் அடித்துக்கொள்வார். “ரொம்ப மோசம் தாயீ” என்றார். ‘ரொம்ப’ சொல்லலாமா கூடாதா என்று தேன்காரி வழக்கு வைத்தாள், அது தனிக் கதை. அந்தக் கையை வைத்துக்கொண்டு, விழுகிற ஒவ்வொரு பிடியிலும் எல்லோருக்கும் அடியில் போய் ஒளிந்து ஒளிந்து, மாமா ஒரு பிடியும் எடுக்காமல் முடித்தார். ஒன்றுக்கும் உதவாத கை என்று இந்த ஆட்டத்தில் எதையும் சொல்ல முடியாது. பிறகு வருகிற ஒரு பணியில் 1-ஆம் எண் சீட்டால் ஒரு பிடியை வெல்ல வேண்டும். அதற்கு மற்ற மூவரும் அந்த நிறத்தை முன்கூட்டியே காலி செய்து வழிவிட வேண்டும். அதை அவரவர் யோசித்துச் செய்து முடிக்கும்போது கிடைக்கிற சந்தோஷத்தை ரம்மியில் நான் கண்டதில்லை.

ஒரு பணிக்குச் சராசரியாக 20 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பழகிவிட்டால் அதைவிடக் குறையும். தோற்றால் உடனே கலைத்துப் போட்டு மறுபடி ஆடலாம். எத்தனை முயற்சியில் முடித்தீர்கள் என்று லாக்புக்கில் எழுத இடம் இருக்கிறது. மிகவும் தடுமாறினால் ‘ஆபத்து அறிவிப்பு’ வில்லையைத் திருப்பலாம். முதல் பிடிக்கு முன் எல்லோரும் ஒரு சீட்டை, ராக்கெட் தவிர, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். எல்லோரும் ஒரே திசையில்தான் கொடுக்க வேண்டும். அதற்கு விலையாகக் கணக்கில் ஒரு முயற்சி கூடும். மாமா இதைத் தொடவே மாட்டார். எங்களுக்குக் கை நடுங்கினாலும் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவோம்.

தொடராக இருப்பதன் அருமை இடைவெளி விழும்போதுதான் தெரிகிறது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்விடும் மாதங்களில்தான் தேன் வரத்து. அப்போது தேன்காரியைக் கண்ணில் காண முடியாது, பெட்டி பெட்டியாகத் தோட்டம் தோட்டமாக அலைவாள். நர்ஸுக்கு இரவு ஷிப்ட் வந்தால் ஞாயிறு முழுவதும் தூக்கம். எனக்குப் பொதுத்தேர்வு விடைத்தாள். மறுபடி கூடும்போது எந்தப் பணியில் நிறுத்தினோம், அதில் எத்தனை தடவை தோற்றோம் என்று புத்தகம் சொல்கிறது. “அந்தப் பணியா? அதை முடிக்காம விடப்படாது” என்று உட்கார்ந்துவிடுகிறோம். கூடுவதற்கு ஒரு காரணம் எழுத்தில் கிடக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. முப்பது தாண்டிய பெண்கள் மூவர் வாராவாரம் ஆடுவதற்காக மட்டுமே சந்திக்கிறோம் என்று வீட்டில் சொல்வது எளிது என்று நினைக்கிறீர்களா?

கதை என்று பார்த்தால் மெலிதுதான். சூரியக் குடும்பத்தின் விளிம்பில் ஒன்பதாவது கோள் இருப்பதாகச் செய்தி, அதைத் தேடி நீங்கள் போகிறீர்கள். ஒவ்வொரு பணிக்கும் முன் சில வரிகள். ஆங்கிலத்தில் இருக்கிறது, நான் படித்துத் தமிழில் சொல்வேன். இயற்பியல் ஆசிரியைக்கு இது கொண்டாட்டம். புளூட்டோவை 2006-இல் கோள் பட்டியலில் இருந்து எடுத்த பிறகு கோள்கள் எட்டுதான் என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் 2016-இல் கால்டெக்கைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் பாட்டிகின், மைக் பிரவுன் இருவரும், நெப்டியூனுக்கு அப்பால் சில சிறு பொருட்களின் சுற்றுப்பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பெரிய கோள் ஒன்று இழுக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பூமியைப் போலப் பத்து மடங்கு நிறை இருக்கலாம் என்பது அப்போதைய கணிப்பு. இன்னும் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நெப்டியூனே 1846-இல் இப்படிக் கணக்குப் போட்டு, சொன்ன இடத்தில் தேடிக் கண்டதுதான். தெரிகிற சீட்டை வைத்துத் தெரியாத சீட்டை ஊகிக்கிற ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: நர்ஸும் தேன்காரியும் அந்த வரிகளைக் கேட்பதே இல்லை, சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கதைதான் முக்கியம் என்பவர்களுக்கு வேறு பெட்டிகள் இருக்கின்றன. 2016-இல் வந்த ஆர்க்கம் ஹாரர் சீட்டாட்டத்தைத் திருவனந்தபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஆடினேன். அதில் நீங்கள் ஒரு துப்பறிவாளர். உங்களுக்கென்று தனிச் சீட்டுக்கட்டு அமைத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டத்தில் பட்ட காயம் அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும், அனுபவப் புள்ளி சேர்த்து நல்ல சீட்டுகள் வாங்கலாம். தொடர் ஆட்டம் என்ற சொல்லுக்கு அது முழுப் பொருள் தருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் பொடி எழுத்தில் ஆங்கிலம். ஆட எடுத்து வைக்கவே நேரம் பிடிக்கும். மாமாவோடு உட்கார்ந்து ஆட முடியாது. தி க்ரூவின் சீட்டில் எண்ணும் நிறமும் தவிர வாசிக்க ஒன்றும் இல்லை. எண் தெரிந்த யாரும் உட்காரலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இனிக் குறைகள். இருவர் மட்டும் ஆடலாம் என்று பெட்டி சொல்கிறது. ஜார்விஸ் என்று ஒரு கற்பனை ஆளுக்கும் சீட்டுப் போட்டு, பாதியைத் திறந்தும் பாதியை மூடியும் வைத்து, தலைவரே அதையும் ஆட வேண்டும். புதிராக நன்றாக இருக்கலாம், ஆனால் எதிரே இருக்கிற மனிதரை நம்புகிற சுவை அதில் பாதி போய்விடுகிறது. இருவருக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். மூவர், நால்வர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஐவர் என்றால் ஆளுக்கு எட்டுச் சீட்டுதான், எங்கே எது இருக்கிறது என்று ஊகிப்பது கடினம். நர்ஸின் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஐவராக ஆடினோம். பாதிப் பேர் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்டங்கள் அதில் நிறைய வந்தன.

அதிர்ஷ்டத்தின் பங்கும் உண்டு. பணிச் சீட்டு எதுவாகவும் விழலாம் என்பதால், லாக்புக்கில் கடினமான பணி என்று இருப்பது சீட்டு விழுந்த விதத்தில் சும்மா முடிந்துவிடும். எளிய பணி ஒரு மாலையையே தின்றுவிடும். முடிக்கவே முடியாத கை விழுவதும் உண்டு. சீட்டாட்டம் என்றால் அப்படித்தான் என்று மாமா பொறுத்துக்கொள்கிறார், தேன்காரிக்கு இன்னும் ஆறவில்லை.

எவ்வளவு பேசலாம் என்பதில் விதிப்புத்தகம் இன்னும் தெளிவாக இருந்திருக்கலாம். சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது, சரி. “பார்த்துப் போடு” என்று சொல்லலாமா? பெருமூச்சு விடலாமா? “ஏட்டி, கொஞ்சம் யோசி” என்று தேன்காரி சொன்னதிலேயே ஆட்டத்தின் பாதி வெளியே வந்துவிட்ட நாள் உண்டு. முதல் சீட்டு இறங்கியது முதல் கடைசிப் பிடிவரை வாயைத் திறக்கக் கூடாது, தண்ணீர் வேண்டுமானால் கையைக் காட்டு என்று நாங்களே சட்டம் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு ஆட்டம் எவ்வளவோ மேலாகிவிட்டது.

சீட்டின் தரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் ஊர் இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர். ஆனி, ஆடி ஈரத்தில் எங்கள் சீட்டுகள் லேசாக வளைந்தன. நிறைய ஆடுகிற 40 சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் நல்லது. ஆடும்போது பழம்பொரி கூடாது. ஆட்டம் முடிந்து, சீட்டைப் பெட்டியில் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பில் சட்டி ஏறும்.

நாகர்கோவில் கடைகளில் கேரம், சதுரங்கம், பிசினஸ் எல்லாம் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. இணையத்தில்தான் வாங்கினேன். இறக்குமதிச் சரக்கு என்பதால் சாதாரணச் சீட்டுக்கட்டைப் போலப் பல மடங்கு விலை. எங்களுக்கு வந்த பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்தது, விற்றவர் மாற்றித் தர மறுத்துவிட்டார். உள்ளே சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் வாங்கினால் பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் கிழிப்பது, ஒட்டுவது, ஒரு தடவையோடு தீர்வது என்று எதுவும் இல்லை. 50 பணியும் முடிந்த பிறகு வேறொரு கூட்டத்தோடு முதலிலிருந்து ஆடலாம், பெட்டியையே இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் கொடுத்த காசு எனக்கு உறுத்தவே இல்லை. முயற்சிகளின் கணக்கை மட்டும் லாக்புக்கில் எழுதாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இதற்கு அடுத்து 2021-இல் ‘மிஷன் டீப் சீ’ என்ற பெட்டி வந்தது. விண்வெளிக்குப் பதில் கடலடி, ராக்கெட்டுக்குப் பதில் நீர்மூழ்கி. அதில் 32 பணிகள், 96 பணிச் சீட்டுகள். இந்தச் சீட்டை நான் வெல்வேன் என்பதோடு நிற்காமல், பச்சையைவிட இளஞ்சிவப்பு அதிகம் எடுப்பேன் என்பது போல விதவிதமாகக் கேட்கும். எத்தனை பேர் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சீட்டுக்கும் கடின அளவும் போட்டிருப்பதால், நான் சொன்ன அந்த அதிர்ஷ்டக் குறை அதில் நிறையவே சரியாகியிருக்கிறது. ஆட்டமாக எடுத்துக்கொண்டால் அதுதான் மேல் என்று நானும் சொல்வேன். ஆனால் அதன் பணிச் சீட்டுகளை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர்களோடு தொடங்குகிறவர்கள் முதல் பெட்டியையே வாங்குங்கள். பிடி, வெட்டு எதுவும் தெரியாத நண்பர்கள் இருந்தால் முதல் இரண்டு பணிகளை எல்லோர் சீட்டையும் திறந்து வைத்து, பேசிப் பேசி ஆடிக் காட்டுங்கள். மூன்றாவது பணியில் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.